உட்கார்ந்து சாப்பிடக் கேட்ட ராத்தா

கடந்த செவ்வாய்க்கிழமை பகல், அக்கரைப்பற்றில் நான் வேலை செய்யும் அரிசி ஆலை வாசலில் என் மாமி மகன் மச்சான் மோட்டார் சைக்கிளை நிறுத்தினார். இறங்கவில்லை. என்ஜினையும் அணைக்கவில்லை. "வா, போவம். ராத்தா மவுத்தாகிட்டா" என்றார். ஆலை உடுப்போடே பின்னால் ஏறிக் கல்முனை ஆஸ்பத்திரிக்குப் போனேன்.

ராத்தா என்று நான் அழைத்தவர் என்னுடன் பிறந்த ஒரே சகோதரி. மருதமுனையில் அவரை ஹபீபா டீச்சர் என்றால் தெரியும். நாற்பது வயதைக்கூட அவர் தொடவில்லை. சிறுநீரகங்கள் இரண்டும் கெட்டுப்போயின. ஜனாஸா நல்லடக்கத்துக்கு வந்தவர்கள் எல்லோரும் அல்லாஹ்வின் நாட்டம் என்றார்கள். அவன் நாட்டத்தை நான் மறுக்கவில்லை. ஆனால் நாம் செய்ததையும் சேர்த்து அவன்மேல் போட எனக்கு மனமில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

ராத்தாவுக்கு முதல் நியமனம் பொத்துவிலில் கிடைத்தது. பெண்பிள்ளை தனியே பஸ் ஏறக் கூடாது, தம்பி கூடப் போகவேண்டும் என்பது வாப்பாவின் நிபந்தனை. உயர்தரம் எழுதிவிட்டு வீட்டில் சும்மா இருந்தவன் நான். ஞாயிற்றுக்கிழமை கொண்டுபோய் விடுவதும் வெள்ளிக்கிழமை கூட்டி வருவதும் என் வேலையாயிற்று. அந்த யுத்த காலத்துப் பயணம் தெரிந்தவர்களுக்குத் தெரியும். ஒவ்வொரு இராணுவச் சென்றியிலும் இறக்கி, வரிசையில் நிறுத்தி, அடையாள அட்டை பார்த்து, மறுபடி ஏற்றுவார்கள். காலையில் புறப்பட்டால் பின்னேரம் எப்போது போய்ச் சேர்வோம் என்பது யாருக்கும் தெரியாது. பசிக்கும்.

முதல் பயணத்திலேயே அக்கரைப்பற்றில் பஸ் மாறும்போது ஒரு சாப்பாட்டுக் கடைக்குள் நுழைந்தோம். பாதி மேசைகள் காலியாக இருந்தன. முதலாளி எழும்பி வந்து, மிக மரியாதையாக, டீச்சருக்குப் பார்சல் கட்டித் தரட்டா என்று கேட்டார். இங்கேயே இருந்து சாப்பிடப் போகிறோம் என்றார் ராத்தா.

"தம்பி இரிக்கட்டும். ஒங்களுக்குப் பார்சல்."

"பார்சல எங்க வெச்சித் தின்னுற? பஸ் ஸ்டாண்ட் மதில்லயா?"

"பொம்புளயள் இரிக்கிற கடை இல்ல டீச்சர். நாலு பேர் என்ன கதைப்பாங்க?"

"நாலு பேரும் வாயில சோத்த வெச்சிட்டு இரிக்காங்க. என்னத்தக் கதைக்கப் போறாங்க?"

மேசையிலிருந்த ஒருவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. முதலாளிக்கு வரவில்லை. ராத்தா வெளியே நடந்தார், நானும் பின்னால் போனேன். அன்று பொத்துவில் வரை இருவரும் பட்டினி.

அதற்குப் பிறகு அது அவருக்கு ஒரு பிடிவாதமாகிவிட்டது. "இண்டைக்கு எந்தக் கடை?" என்று வீட்டிலிருந்து இறங்கும்போதே கேட்பார். கல்முனையிலிருந்து பொத்துவில் வரை பஸ் நிற்கும் இடங்களில் எங்கள் கால் படாத கடை இல்லை. கேட்டுக் கேட்டு எங்களுக்குப் பதில்கள் பாடமாகிவிட்டன. முதலாளி தொழப் போயிருக்கிறார், அவரைக் கேட்காமல் ஏலாது. இப்போதுதான் சோறு முடிந்தது. தம்பி சாப்பிட்டுவிட்டு வரட்டும், நீங்கள் பக்கத்து வீட்டில் இருங்கள். ஒரு கடையில் மட்டும் இடம் தந்தார்கள். பின்பக்கச் சாமான் அறையில், வெங்காய மூட்டைகளுக்கு நடுவே ஒரு கதிரையைப் போட்டு, வாசலில் சாக்கைத் தொங்கவிட்டார்கள். ராத்தா சாப்பிட்டார். வெளியே வந்ததும், "கறி நல்லம். ஆனா வெங்காயத்துக்கும் எனக்கும் ஒரே மரியாத" என்றார். மறுபடி அங்கே போகவில்லை.

கோமாரியில் தென்னந்தோப்பை ஒட்டி ஒரு கிடுகுக் கொட்டில். மீன்பிடிக்காரர்கள் சாப்பிடும் இடம். நடத்தியவர் ஒரு தமிழ் அக்கா. எங்களுடைய முஸ்லிம் ஆட்கள் தமிழ்க் கடையிலும் அவர்களுடைய ஆட்கள் எங்கள் கடையிலும் கால் வைப்பதை நிறுத்திவிட்ட காலம் அது. ராத்தாவின் முக்காட்டைப் பார்த்ததும் கொட்டிலுக்குள் சாப்பிட்டவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்த அக்கா மர வாங்குப் பலகையைத் துடைத்தார். "இரு தங்கச்சி. மீனும் சொதியும்தான். வேற இறைச்சி ஒண்டும் இந்தச் சட்டியில பட்டதில்ல" என்றார். எதைக் கேட்க நாங்கள் கூச்சப்பட்டோமோ அதற்கான பதில் அது. ராத்தா இரண்டு தரம் சோறு வாங்கினார். சொதியில் புளி கூடிவிட்டது என்று குற்றமும் சொன்னார். "அடுத்த கிழமை வா, குறைச்சி வெக்கிறன்" என்றார் அக்கா. வைத்தார்.

அந்த வாங்கில் ராத்தா பல மாதம் சாப்பிட்டார். செய்தி எங்களுக்கு முன்பே ஊர் போய்ச் சேர்ந்தது. டீச்சர் தமிழ்க் கடையில் ஆம்பிளைகளோடு இருந்து தின்கிறாவாம் என்று வாப்பாவின் காதில் போட்டார்கள். தங்கள் ஊர்க் கடையில் ராத்தாவுக்கு ஒரு கதிரை கொடுக்காதவர்கள்தான் போட்டார்கள். வாப்பா ராத்தாவோடு ஒரு மாதம் கதைக்கவில்லை. பிறகு ஒரு வெள்ளிக்கிழமை நாங்கள் திரும்பி வரும்போது அந்தக் கொட்டில் இருந்த இடத்தில் கரிந்த கம்புகள் நின்றன. அக்கா எங்கே என்று இறங்கிக் கேட்க பஸ் நிற்கவில்லை.

எனக்கு வேலை கிடைத்ததும் ராத்தா தனியாகவே போய்வந்தார். வாப்பாவும் நிபந்தனையை மறந்துவிட்டார். ஆனால் கடைகள் மாறவில்லை. பயண நாட்களில் அவர் தண்ணீர் குடிப்பதில்லை என்பது எங்களுக்குத் தெரியும். குடித்தால் ஒதுங்க இடம் வேண்டும். அந்த வழியில் ஆம்பிளைக்கு மதில் இருந்தது, பொம்புளைக்கு ஒன்றும் இருக்கவில்லை. நீர்க்கடுப்பு வரும், காய்ச்சல் வரும், மாத்திரை போட்டுக்கொண்டு பஸ் ஏறுவார். சிறுநீரக வருத்தம் முற்றிய பிறகு ஆஸ்பத்திரியில் இளம் டொக்டர் ஒருவர், "இவ்வளவு காலமும் தண்ணி குடிக்கிறல்லயா?" என்று அதட்டினார். "குடிக்கலாம் டொக்டர். பஸ்ஸ நிப்பாட்டி நீங்க மறைச்சிப் பிடிக்கிறெண்டா" என்றார் ராத்தா. டொக்டர் தலையைக் குனிந்து எழுதத் தொடங்கினார்.

ராத்தாவுக்காகக் குர்ஆன் ஓதும் மூன்றாம் நாள் கத்தம் நேற்று நடந்தது. எங்கள் பக்கத்தில் ஓதி முடிந்ததும் சஹன் என்ற பெரிய தட்டில் சோறு வைத்து, சுற்றி உட்கார்ந்து ஒரே தட்டில் உண்பார்கள். ஆண்கள் முன் மண்டபத்தில் முதலில். பெண்கள் பிறகு, சமைக்கும் குசினிப் பக்கம், மிஞ்சியதில். பொத்துவிலிலிருந்து ராத்தாவோடு படிப்பித்த டீச்சர்மார் நான்கு பேர் வந்திருந்தார்கள். கடைசி பஸ்ஸைப் பிடிக்கவேண்டியவர்கள், கிணற்றடியில் நின்றார்கள். முன் மண்டபத்தில் வாப்பாவுக்குப் பக்கத்தில் அக்கரைப்பற்றுக் கடை முதலாளி சம்மணமிட்டு இருந்தார். சோற்றைப் பிசைந்தபடி சொன்னார்:

"டீச்சருக்கு எங்கட கடைச் சாப்பாடெண்டா உசிர். எத்தின நாள் என்ட கையால கட்டிக் குடுத்திரிக்கன்."

"கட்டித்தான் தந்திருப்பீங்க. ஒரு நாளாவது இரிக்க வெச்சிக் குடுத்தீங்களா?" என்றேன்.

சஹன்களில் கைகள் நின்றன. வாப்பா என்னை அதட்டுவார் என்றுதான் நினைத்தேன். அவர் சோற்றைப் பார்த்துக்கொண்டே இருந்தார். நான் அடுத்த பந்திக்கென்று வைத்திருந்த ஒரு சஹனைத் தூக்கினேன். மண்டபத்தில் வைக்க இடமில்லை. டீச்சர்மாரை உள்ளே கூப்பிட்டேன். பொம்புளைகளுக்குக் குசினியில் வைக்கலாமே என்று யாரோ மெதுவாகச் சொன்னார்கள். அப்போது வாப்பா எழும்பினார். சோறு ஒட்டிய கையை அந்தரத்தில் பிடித்தபடி, "இஞ்ச வை. என்ட மகள்ட சாப்பாடு இது" என்றார். அவர் எழும்பியதால் மற்றவர்களும் எழும்பவேண்டியதாயிற்று. முதலாளியும் எழும்பினார்.

நான்கு பேரும் முன் மண்டபத்தில் சஹனைச் சுற்றி உட்கார்ந்தார்கள். வாசல் திறந்திருந்தது. தெருவில் போனவர்கள் எட்டிப் பார்த்தார்கள். முதலில் கூச்சத்தோடு ஓரம் ஓரமாக எடுத்தவர்கள், பிறகு நடுச் சோற்றில் கை வைத்தார்கள். அதில் இளையவர் நிமிர்ந்து, எல்லோருக்கும் கேட்க, "கறி இன்னும் கொஞ்சம் போடுங்க" என்றார். வாப்பாதான் கறிச் சட்டியைத் தூக்கிக்கொண்டு வந்தார்.

ராத்தா, எல்லோரும் உங்களுக்காக சுவர்க்கத்தைக் கேட்டார்கள், நானும் ஆமீன் சொன்னேன். அங்கே உங்களுக்கு உட்கார ஓர் இடம் வேண்டுமென்று மட்டும் நான் கேட்கவில்லை. அதைக் கேட்டுக் கேட்டு நிற்கவேண்டிய இடம் இந்த ஊர்தான். இனி அதை இங்கே நான் கேட்கிறேன். நீங்கள் ஆறுதலாக இருந்து சாப்பிடுங்கள்.