மேல் ஸ்தாயிப் புள்ளிகள்

மகள் நெயில் பாலிஷ் புட்டியைத் திறந்தாள். அந்த வாசனை என்னைத் திருவனந்தபுரத்து ஆஸ்பத்திரி வார்டில் கொண்டுபோய் நிறுத்தியது.

பள்ளி இசை மலருக்காகத் தோழி சுபா போட்ட மெட்டை துளை வழியே மை இறங்கி அச்சாகும் ஸ்டென்சில் தாளில் எழுதியிருந்தேன். தொண்டை ஆபரேஷனுக்குப் பின் அவளால் பாட முடியாது. மெட்டாவது மிஞ்சட்டும் என்றுதான். மேல் ஸ்தாயி ஸ்வரங்களின் தலையில் ஊசிப் பேனாவால் புள்ளி குத்தினேன். அம்மாதான் தாளை அச்சுக்குக் கொடுத்தாள்.

வார்டில் சுபா மலரை விரித்து, ஸ்வரங்களின் மேல் விரலை ஓட்டினாள். மெட்டு உச்சிக்கு ஏறும் இடத்தில் ஒரு புள்ளிகூட இல்லை.

“தாளெல்லாம் பொத்தலா இருந்துது மக்களே. நெயில் பாலிஷ் வச்சு நான் அடைச்சதாக்கும்,” என்றாள் என்னோடு வந்திருந்த அம்மா, பெருமையாக.

சுபா அந்த இடத்தைப் பாடிக்காட்ட வாயைத் திறந்தாள். காற்றுதான் வந்தது.

மகள் நகங்களை ஊதிக் காயவைக்கிறாள். அதே வெறும் காற்றுச் சத்தம்.

“ஊதாதே!” என்று கத்திவிட்டேன்.