நாத்தனாரின் நுணுக்குக்காட்டி

என் கணவரின் தங்கை கண்டிப் பக்கம் ஓர் ஆய்வுக்கூடத்தில் சேர்ந்தபோது, வீட்டில் எல்லோரையும்விட அதிகமாக மகிழ்ந்ததாகக் காட்டிக்கொண்டவள் நான்தான். கொட்டகலையில் ஒரு பள்ளிக்கூடத்தில் இரசாயனவியல் படிப்பிக்கிறேன். பட்டம் முடித்த காலத்தில் எனக்கும் ஆய்வுக்கு இடம் கிடைத்தது. கூடவே ஆசிரியர் நியமனமும் வந்தது. யாரும் என்னைத் தடுக்கவில்லை. வேலையைத் தேர்ந்தெடுத்தது நானேதான். அதனால் கோபப்படவும் ஆளில்லை.

மழைக்காலத்தில் தேயிலைக் கொழுந்தில் கொப்புள நோய் வரும். அந்த இலைகளைத் தேடித்தான் அவள் வட்டகொடையில் இருக்கும் எங்கள் வீட்டுக்கு வந்தாள். கொழுந்தெடுத்தே வயதான மாமியார் தானே போய் அவற்றைப் பார்த்துப் பறித்துக்கொண்டு வந்தார். எதற்கு இது என்று அவர் கேட்க, அடுப்படியில் உட்கார்ந்து மகள் விளக்கினாள்.

"கண்ணுக்குத் தெரியாத ஒரு வெளிச்சம் இருக்கும்மா, அகச்சிவப்புன்னு சொல்வாங்க. இலைக்குள்ள குட்டிக் குட்டி அறை மாதிரி கலங்கள் இருக்கு. ஒவ்வொரு கலத்து மேலயும் அந்த வெளிச்சத்த விடுவோம். புரதம் அதுல ஒரு பங்க உறிஞ்சும், சீனி வேற பங்க உறிஞ்சும். எது எவ்வளவு கொறையுதுன்னு பாத்தா, சாயம் ஏத்தாமலே எந்த அறையில என்ன இருக்குன்னு தெரிஞ்சிரும்."

மாமியார் வைத்த கண் வாங்காமல் கேட்டார். இத்தனை வருடங்களில் நான் பள்ளியில் என்ன படிப்பிக்கிறேன் என்று அவர் ஒருமுறையும் கேட்டதில்லை. அதைவிட வலித்தது வேறொன்று. அவள் சொன்னது அழகாக இருந்தது. வகுப்பில் நான் இவ்வளவு எளிதாக ஒருநாளும் சொன்னதில்லை.

பள்ளி விடுமுறை என்பதால் என்னையும் ஆய்வுக்கூடத்துக்குக் கூப்பிட்டாள். ரயிலில் போனோம். வீட்டிலேயே மெல்லிய சீவல்களாக வெட்டி உலர்த்தியிருந்த இலையை நுணுக்குக்காட்டியின் கீழ் வைத்தாள். முதல் படம் பாழ். எங்கள் ஊர் ஈரம் சீவல்களில் ஏறியிருந்தது. தண்ணீர் அந்த வெளிச்சத்தை விழுங்கிவிடும். அவள் முகம் வாடியது. எனக்கு உள்ளுக்குள் இனித்தது. மெய்யாகவே இனித்தது.

ஆனால் அவள் அசரவில்லை. சீவல்களை மறுபடி உலர்த்தி, கருவிக்குள் உலர்ந்த காற்றை விட்டு, பின்னேரம் மீண்டும் எடுத்தாள். திரையில் கலங்கள் ஒவ்வொன்றாகத் தெரிந்தன. கொப்புளத்தை ஒட்டியவை ஒரு நிறம், தள்ளியிருந்தவை வேறு நிறம். ஒரு கலத்தை என்னையே தேர்ந்தெடுக்கச் சொன்னாள். அது உறிஞ்சிய வெளிச்சத்தைக் காட்டி, படத்தின் பக்கத்தில் ஏறி இறங்கும் கோடு ஒன்று விழுந்தது. இந்த உச்சி புரதத்துடையது என்று என்னையறியாமல் சொல்லிவிட்டேன்.

"அண்ணி, ஒங்களுக்கு இதெல்லாம் இன்னும் ஞாபகம் இருக்கா?"

அன்பாகத்தான் கேட்டாள். அந்த 'இன்னும்' தைத்தது. வட்டகொடை வரும்வரை அதையே நினைத்துக்கொண்டு வந்தேன். என்ன பார்த்தாய் என்று மாமியார் கேட்டபோது, கலர் கலராக ஒரு படம் என்று சொல்லி முடித்துக்கொண்டேன்.

அடுத்த வருடம் அவளுக்கு வெளிநாட்டில் இடம் கிடைத்தது. மிச்ச வேலையைச் சனிக்கிழமைகளில் ஆய்வுக்கூடத்துக்குப் போய் நான் செய்ய முடியுமா, தன் பேராசிரியர் சம்மதித்துவிட்டார் என்றாள். அவள் உட்கார்ந்து எழுந்துபோன கதிரையில் நான் எதற்கு உட்கார வேண்டும் என்று தோன்றியது. வேண்டாம் என்று சொல்ல வாயெடுத்து, சரி என்றேன்.

மாதக்கணக்கில் என் சீவல்கள் கிழிந்தன, சுருண்டன. கணினியில் அவளுடைய பழைய படங்களைத் திறந்து, என்னுடையதோடு ஒப்பிட்டுப் பார்த்து வெந்துபோவேன். பிறகொரு சனிக்கிழமை நல்லதொன்று வந்தது. நோய் தொட்ட கலமும் தொடாத கலமும் பக்கத்தில் பக்கத்தில், நடுச்சுவர் தெளிவாகத் தெரிந்தது. அவளுக்கு அனுப்பினேன்.

அன்றே அழைத்தாள். பாராட்டினாள். எவ்வளவு மெல்லிதாக வெட்டினேன் என்று கேட்டாள். சொன்னேன். இங்கே மழை, அங்கே குளிர் என்று கொஞ்சம் பேசினோம். திரும்பவும் அதையே கேட்டாள்.

"இங்க இருக்கிறது பெரிய மிசின் அண்ணி. எனக்கு அப்படி விழமாட்டேங்குது."

சிரித்துக்கொண்டுதான் சொன்னாள். சிரிப்புக்கு அடியில் இருந்தது எனக்கு நன்றாகப் பழக்கமானது. மனம் குளிர்ந்துபோய், வெட்டுவதிலிருந்து உலர்த்துவது வரை ஒன்றையும் ஒளிக்காமல் சொல்லிக்கொடுத்தேன்.

பிறகு தேத்தண்ணி ஊற்றி எடுத்துக்கொண்டு போய், மாமியாருக்கு அந்தப் படத்தைக் காட்டினேன். மகள் அனுப்பியதா என்று கேட்டார்.

"இல்ல மாமி. இது நான் எடுத்தது."