போடட்டா?

யாரோ சொல்லக் கேட்ட கதை இல்லை இது. நடந்தது. சிட்டிபாபுவின் வலது கையில் அந்தத் தழும்பு இன்னும் இருக்கிறது. நம்பாதவர்கள் ஐயம்பேட்டைக்குப் போய்ப் பார்த்துக்கொள்ளலாம். பேய் என்றால் ராத்திரியில்தான் வரும் என்று தைரியமாக இருப்பவர்களுக்கு இன்னொன்று… இது பட்டப்பகலில் நடந்தது.

சிட்டிபாபு சொந்தமாக லேத் பட்டறை வைத்திருக்கிறான். பட்டுத் தறிகளுக்கு வேண்டிய இரும்புச் சாமான்களைக் கடைந்து கொடுப்பான். கூட வேலை செய்தது அவன் பெண்டாட்டியின் தம்பி சந்தோஷ்குமார். தென்னேரியில் பூட்டிக் கிடந்த பட்டறையிலிருந்து ஒரு பழைய லேத்தைச் சிட்டிபாபு வாங்கி வந்ததில் மச்சானுக்கு மகா கோபம். இந்தத் துருப்பிடித்த சனியன் வேண்டாம் என்று தலையால் அடித்துக்கொண்டான். மாமன் கேட்டால்தானே?

விற்ற பெரியவர் பஞ்சாட்சரம், கொளுத்துகிற வெயிலிலும் கழுத்துவரை போர்வை போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். இரும்பைக் கவ்விப் பிடித்துச் சுழற்றும் 'சக்'கை மட்டும் தனியாகக் கழற்றிச் சாக்கில் கட்டி வைத்திருந்தார்கள். "அத்த மாட்டாத வெச்சிக்கினா நல்லதுப்பா" என்றார். சக் இல்லாத லேத்தை வைத்துக்கொண்டு பூஜையா செய்வது? கிழவருக்குக் கழன்றுவிட்டது என்று சிட்டிபாபு சிரித்துக்கொண்டே வந்தான்.

மறுநாள் உச்சி வேளையில் சக்கை மாட்ட ஆரம்பித்தார்கள்.

ஒருவன் சக்கை ஒரு பலகைமேல் வைத்து அணைத்துப் பிடிக்க வேண்டும். இன்னொருவன் மெஷினுக்குப் பின்னால் நின்று பெல்ட்டைக் கையால் இழுத்து, சக் ஏறும் தண்டான ஸ்பிண்டிலைச் சுற்ற வேண்டும். மரை கொஞ்சம் கொஞ்சமாக ஏறும். மறந்தும் கரண்டில் சுற்றக் கூடாது. சுற்றினால் பிடித்திருப்பவன் கை போய்விடும்.

மெஷினுக்குப் பின்னால் மச்சான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு நின்றான்.

"போடட்டா?"

"போடு."

ஒரு சுற்று. அவ்வளவுதான் பேச்சு. பட்டறையில் எல்லாமே 'போடு'தான். சுற்றுப் போடுவதும் போடு, சுவிட்ச் போடுவதும் போடு.

மரை ஏறியது. கை துடைத்துவிட்டு வந்து பார்த்தால்… கழன்றிருந்தது. மறுபடி ஏற்றினார்கள். மறுபடி கழன்றது. சக்கின் மூன்று பற்களையும் காலையில் சிட்டிபாபு நெருக்கி மூடி வைத்திருந்தான். இப்போது அவை விரிந்திருந்தன. சரியாக ஒரு மணிக்கட்டு நுழையும் அளவுக்கு.

"நீ தொறந்தியா?"

"எனக்கு வேற வேல இல்ல?"

சுவிட்சுப் பெட்டிக்குக் கீழே தரை ஈரமாக இருந்தது. மழை இல்லை. பட்டறைக்குள் குழாயும் இல்லை. சிட்டிபாபுவுக்கு எரிச்சல்தான் வந்தது. சக்கைக் கட்டிப் பிடித்துக் குனிந்தான். அப்படிக் குனிந்தால் பின்னால் நிற்பவன் தெரியமாட்டான்.

"மாமா… போடட்டா?"

தொண்டையில் தண்ணீர் நின்றது போன்ற குரல்.

"போடுடா!"

டக்.

பெல்ட் இல்லை… சுவிட்ச்!

ஸ்பிண்டில் சீறியது. சக் சுழன்றது. சட்டைக் கையைக் கவ்வியது… இழுத்தது…

"ஐயோ!"

காலை உதைத்துப் பின்னால் சாய்ந்தான். சட்டை கிழிந்தது. தோலும் கிழிந்தது.

மெஷின் தானாக நின்றது.

வாசலில் சந்தோஷ்குமார். கையில் இரண்டு டீ.

சிட்டிபாபு எழுந்த வேகத்தில் அவனை அறைந்தான். டீ சிதறியது. "எங் கைய எடுக்கப் பாத்தியாடா?"

"இன்னா மாமா ஒளர்ற? நான் டீக்கடையாண்ட நின்னுக்கினு இருந்தேன்."

"பொய் சொல்லாத! போடட்டான்னு கேட்டுட்டுத்தான சுவிச்ச போட்ட?"

"நான் கேக்கவே இல்ல. நீ போடுன்னு சொன்னியா?"

"நான் எப்படா போடுன்னு சொன்னேன்?" கோபத்தில் துணிந்து பொய் சொன்னான்.

சந்தோஷ்குமார் பேன்ட் பாக்கெட்டிலிருந்து எதையோ எடுத்து மேசைமேல் எறிந்தான். மெயின் பெட்டியின் பியூஸ் கட்டை. "உன்ன நம்பி வுட முடியாதுன்னு போம்போதே புடுங்கிக்கினு போனேன். கரண்ட் எங்கருந்துயா வரும்?"

சொல்லிவிட்டுப் போனவன் திரும்பி வரவில்லை. போன் போட்டாலும் எடுக்கவில்லை.

கையில் கட்டோடு சிட்டிபாபு அன்று சாயங்காலமே தென்னேரிக்குப் போனான். பஞ்சாட்சரம் கட்டைப் பார்த்தார்.

"கேட்டானா?" என்றார்.

"யாரு?"

"உதயகுமாரு. எம் மச்சான். நான் சக்க புடிச்சிக்கினு இருந்தேன், அவன் பின்னாடி நின்னான். போடட்டா மாமான்னான். சுத்ததான் கேக்கறான்னு போடுன்னேன். அவன் சுவிச்ச போட்டுட்டான்." போர்வையை ஒரு பக்கம் விலக்கி வலது கையை நீட்டினார். மணிக்கட்டோடு முடிந்திருந்தது.

சிட்டிபாபு தன் கட்டுப் போட்ட கையைப் பின்னால் இழுத்துக்கொண்டான்.

"கேட்டுட்டுதான் போட்டேன்னு அழுதான்பா. எனக்கு வெறி. நான் எப்படா போடுன்னு சொன்னேன்னு ஊரு முன்னாடி அடிச்சேன். அன்னிக்கே ஏரில வுழுந்து செத்துட்டான்… நீ போடுன்னு சொன்னத உம் மச்சான்கிட்ட ஒத்துக்கினியா?"

சிட்டிபாபு தரையைப் பார்த்தான்.

பெரியவர் தோளைக் குலுக்கினார். போர்வை முழுசாக நழுவியது. இடது கையும் இல்லை.

"நானும் ஒத்துக்கல. திரும்ப வந்து கேட்டான்."