கதிர் எட்டு, பெயர் தெரியவில்லை

வெள்ளிக்கிழமை, பிற்பகல் இரண்டு மணி பத்து நிமிடம். ராயபுரத்தில் என் மகள் வேலை பார்த்த மீன் ஆய்வுக்கூடத்துச் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தது நன்றாக நினைவிருக்கிறது. மகளுக்குச் சாப்பாடு கொடுக்கப் போயிருந்தேன். அவள் அலமாரிக்கு முன்னால் நின்றிருந்தாள். என் குரல் கேட்டும் திரும்பவில்லை. ஆறு கண்ணாடிச் சாடிகளிலும் மீன்கள் கெடாமலிருக்க ஊற்றிய ஸ்பிரிட் வெளிர்நீலமாகியிருந்தது. உள்ளே பெயர்ச்சீட்டுகள் வெற்றுத் தாள்களாக மிதந்தன. "எல்லாம் போச்சும்மா," என்றாள். சில வருடங்கள் ஓடிவிட்டன. இன்றும் நான் மைப்புட்டியைத் திறப்பதில்லை.

சாடிகளில் இருந்தவை தென்னமெரிக்க ஆற்று மீன்கள். விரல் நீளம்கூட இல்லாத, உடம்பெல்லாம் ஓடு போர்த்த கெளுத்திகள். ஏதோ ஒரு தேசத்து அருங்காட்சியகம் கப்பலில் அனுப்பியவை. இவற்றை எல்லாம் கோரிடோராஸ் என்ற ஒரே பேரினத்தில் வைப்பதா, முதுகுத் துடுப்பு நீண்டவற்றைத் தனிப் பேரினமாகப் பிரிப்பதா என்பதில் அறிஞர்களுக்குள் வாக்குவாதம் இருந்ததாம். அதைப் பற்றி ஆராய்ந்துகொண்டிருந்த பேராசிரியை ஒருவர் மறுநாள் காலை மீன்களைப் பார்க்க வருவதாக இருந்தது. மீனின் பெயரும் அது பிடிபட்ட ஆற்றின் பெயரும் எழுதிய பழைய சீட்டுகள் நைந்துவிட்டதால், புதிதாக எழுதிப் போடும்படி அதிகாரி என் மகளிடம் சொல்லியிருந்தார். ஸ்பிரிட்டில் போடும் சீட்டைப் பென்சிலால் எழுத வேண்டும் என்பது அவளுக்குத் தெரியாது. எழுத்து அழகாக வரட்டும் என்று என் மைப்பேனாவைக் கொடுத்தனுப்பியவள் நான்தான். பழைய சீட்டுகள் குப்பையோடு போய்விட்டன. ஆறு மீன்களின் பெயர்களும் அவற்றோடு வந்த பட்டியலில் பத்திரமாக இருந்தன. எந்தப் பெயர் எந்தச் சாடிக்கு என்பதுதான் தொலைந்துபோனது.

அவளுக்கு அது தற்காலிக வேலை. மாதக் கடைசியில் நிரந்தரம் செய்வதாகச் சொல்லியிருந்தார்கள். அவள் அப்பா கால் முறிந்து எட்டு மாதமாக வீட்டில் கிடந்தார். அந்த வேலையை நம்பித்தான் நாங்கள் மூச்சு விட்டுக்கொண்டிருந்தோம். அந்தப் பயத்தில் நான் சொன்னதை எழுத இப்போதும் கூசுகிறது. "பட்டியல்ல இருக்கிற பேரை வரிசையா எழுதிப் போட்டுடு. செத்த மீன் வந்து சாட்சி சொல்லுமா?"

மீன் மாதிரிகள் வைக்கும் அறைக்குப் பொறுப்பான பாய் தொழுகை முடிந்து அப்போதுதான் உள்ளே வந்தார். "இன்னா பாப்பா, நான் மசூதிக்குப் போய்ட்டு வர்றதுக்குள்ள மீனுக்கெல்லாம் சொட்டு நீலம் போட்டுகினு கீறே?"

நடந்ததைச் சொன்னேன். என் யோசனையையும் சொன்னேன். பாய் சிரிப்பை நிறுத்திவிட்டார்.

"டீச்சரம்மா, உன் கிளாஸ்ல தெரியாத கேள்விக்கு ஒருத்தன் எதையோ எழுதி வெச்சா இன்னா போடுவே?"

"முட்டைதான்."

"இங்க மட்டும் நூறா? பேரு இல்லாத மீனால யாருக்கும் பேஜாரு இல்ல. தப்புப் பேரு போட்டா, அதப் பாத்து ஒருத்தன் எழுதுவான், அவனப் பாத்து இன்னொருத்தன். அத்தினியும் உன் பொண்ணு கையெழுத்துலேர்ந்து கெளம்பும்."

முகம் எரிந்தது. பாய் ஒரு மீனை எடுத்துத் தட்டில் கிடத்தி, குண்டூசியால் முதுகுத் துடுப்பை நிமிர்த்தினார். குடைக்கம்பிகளைப்போல் அதைத் தாங்கும் மெல்லிய கதிர்கள் விரிந்தன. பூதக்கண்ணாடி வழியாக அவர் எண்ணினார், மகள் எண்ணினாள், பிறகு நான். மூன்று பேருக்கும் ஒரே எண் வந்தால்தான் எழுதலாம் என்றார். நான்கு சாடிகளில் எட்டு, இரண்டில் பதினொன்று.

"பதினொண்ணு இருக்கிறது துடுப்பு நீண்ட அந்த இன்னொரு பேரினம்தானே பாய்? அதையாவது போட்டுடலாமே?" என்றாள் மகள்.

"எண்ணினத மட்டும் போடு. மிச்சத்த நாளைக்கு வர்ற அந்தம்மா பாத்துக்கும்."

'கதிர் எட்டு. பெயர் தெரியவில்லை' என்று அவள் பென்சிலால் எழுதினாள். சாயங்காலம் தானே போய் அதிகாரியிடம் உண்மையைச் சொன்னாள். பின்னாலேயே போன பாய், "ரூம்ல நான் இருந்திருக்கணும் சார், எம்பேரயும் சேத்து எழுதிக்கோ," என்றார். பேராசிரியை பார்த்துவிட்டு என்ன சொல்கிறாரோ, அதற்குப் பிறகுதான் வேலையைப் பற்றிப் பேச்சு என்று அதிகாரி சொல்லிவிட்டார்.

பாய் இப்போது ஓய்வுபெற்றுத் தண்டையார்பேட்டையில் இருக்கிறார். ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் கேக்கோடு போவேன். நன்றி சொல்ல வாயெடுத்தால், "இன்னாம்மா, நான் மீனத்தான எண்ணினேன்," என்று பேச்சை மாற்றிவிடுவார். அன்று அவர் இன்னும் பத்து நிமிடம் தாமதித்திருந்தால், என் பொய்யை என் மகள் தன் கையால் எழுதியிருப்பாள். என் வகுப்பில் 'தெரியவில்லை' என்று எழுதும் பிள்ளைக்கு இப்போதெல்லாம் நான் முட்டை போடுவதில்லை.

அந்தச் சனிக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பேராசிரியை வந்தார். மகளை விட்டுப் போக மனமில்லாமல் நான் கதவோரம் நின்றிருந்தேன். அவர் முதல் சாடியை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துச் சீட்டைப் படித்தார். ஆறு சீட்டுகளையும் படித்தார். அதிகாரி மன்னிப்புக் கேட்க ஆரம்பித்தபோது கையைக் காட்டி நிறுத்தினார்.

"இதை எழுதினது யாரு?"

பள்ளிக்கூடப் பிள்ளையைப்போல் மகள் கையைத் தூக்கினாள்.

"எந்த ஆத்து மீனுன்னு தெரியாமப் போனது பெரிய நஷ்டம்தான். அனுப்பினவங்களுக்குக் கடிதம் எழுதிக் கேட்கணும். ஆனா முதல்லயே பேரைப் படிச்சுட்டா, அந்தப் பேருக்கு ஏத்த மாதிரிதான் கண்ணு எண்ணும். எனக்கே அப்படி ஆகியிருக்கு." கைப்பையில் துழாவி நோட்டையும் ஒரு குட்டைப் பென்சிலையும் எடுத்தார். அதிகாரி அவசரமாக ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டார். பேராசிரியை அதை என் மகள் பக்கம் நகர்த்தினார்.

"உட்காரும்மா. நீ எண்ணு, நான் எழுதிக்கறேன்."