கரிக்கு அடங்காத மஞ்சள்

கடல்மீன் தொட்டிகளைப் பராமரிப்பதையே இருபத்தெட்டு ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவர் அவர். ஊரார் அவரைத் தொட்டிக்காரர் என்றே அழைத்தனர். ஐந்து தொட்டிகள் அவர் பொறுப்பில் இருந்தன. பல்மருத்துவமனையின் ஆறடித் தொட்டிதான் அவருடைய பிழைப்புக்கு அச்சாணி; அதைப் பார்த்து வியந்தவர்களே மற்ற நான்கு சிறு தொட்டிகளையும் அவரிடம் ஒப்படைத்தவர்கள்.

கருவிகளைவிடத் தம் கண்ணையே அவர் நம்பினார். தொட்டிக்குள் ஒரு முனையில் வெள்ளைப் பீங்கான் தட்டை நிறுத்தி, மறுமுனையிலிருந்து நீளவாக்கில் நோக்குவார். தட்டு வெண்மையாகத் தெரிந்தால் நீர் நலமாக இருக்கிறது. மஞ்சளித்தால் கழிவும் பாசியும் கரைந்துள்ளன என்று பொருள். அப்போது நீரின் நிறத்தை உறிஞ்சும் கரிப்பையை மாற்றுவார். பத்தில் ஒரு பங்கு நீரையும் மாற்றுவார்.

ஒருநாள் ஆறடித் தொட்டியில் மஞ்சளைக் கண்டார். கரியை மாற்றினார், போகவில்லை. கால் பங்கு நீரை மாற்றினார், அப்போதும் போகவில்லை. மாதம் ஒருமுறை செய்த வேலை வாரம் இருமுறை ஆயிற்று. குழாய்நீரைச் சுத்திகரிக்கும் வடிகட்டி ஓய்வின்றி ஓடித் தேய்ந்தது. அது தடுக்கத் தவறிய சத்துகள் புதுநீரோடு உள்ளே புகுந்தன. அவற்றை உண்டு மணலிலும் கண்ணாடியிலும் பழுப்புப் பாசி படர்ந்தது. பவளம் ஒன்று வெளுத்தது. கிணறு வெட்டப் பூதம் புறப்பட்ட கதைதான்.

"அண்ணே, வர்றவங்க தொட்டியப் பாத்துட்டு என் கருவிகளைச் சந்தேகமாப் பாக்குறாங்க," என்றார் பல்மருத்துவர். "இந்த மாசத்துக்குள்ள சரியாகலன்னா நான் வேற ஆளத்தான் பாக்கணும்."

புதுநீரில் உப்புக் கரைத்துத் தருவதும் வாளி தூக்குவதும் தொட்டிக்காரருடைய மனைவியின் பங்கு.

"என்னங்க, எனக்குத் தண்ணி தெளிவாத்தான் தெரியுது. பாசி வேற, மஞ்சள் வேற. மஞ்சள் எங்க இருக்கு?"

"இருபத்தெட்டு வருஷமாத் தண்ணியப் பாக்குறவன் நான். நீ உப்பக் கரை."

"கரைச்சுக் கரைச்சு என் கையே உப்பளமாப் போச்சு."

மறுவாரம் பழைய தட்டு வழுக்கி உடைந்தது. மனைவி கடைக்குச் சென்று புதுத் தட்டு வாங்கி வந்தாள். உறையைப் பிரித்தவர் முகம் சுளித்தார்.

"பாத்து வாங்க மாட்டியா? மஞ்சளா இருக்கே."

அவள் தட்டை வாங்கிப் பார்த்தாள். பிறகு அவரையே பார்த்தாள். அவருடைய வலக் கண்ணைத் தன் உள்ளங்கையால் மூடி, தட்டை அவர் முன் நீட்டினாள். தட்டு ஓரளவு வெளுத்தது. இடக் கண்ணை மூடினாள், மஞ்சள் திரும்பியது. தொட்டிக்காரர் நாற்காலியில் அமர்ந்துவிட்டார்.

வலக் கண்ணில் புரை முற்றியிருப்பதாகவும், இடக் கண்ணில் தொடங்கியிருப்பதாகவும் கண் மருத்துவர் கூறினார். அறுவைச் சிகிச்சைக்கு இரண்டு மாதங்கள் கழித்தே நாள் கிடைத்தது.

திரும்பும் வழியில் மனைவி மெல்லச் சொன்னாள்: "வடிகட்டி கெட்டுப்போச்சுன்னு மட்டும் சொல்லுங்க. அது ஒண்ணும் பொய் இல்லையே."

பொய்யில்லைதான். ஆனால், நலமாக இருந்த நீரை நோயாளியாக்கியது எது என்பதை அந்த மெய் மறைத்துவிடும். கண் போன தொட்டிக்காரரை எவர் வைத்துக்கொள்வார் என்ற அச்சமும் அவரை அரித்தது. மறுநாள் பல்மருத்துவர் முன் நின்றபோது, ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியம் வாயில் வரவில்லை.

"டாக்டரம்மா, தண்ணியில குறை இல்ல, என் கண்ணுலதான். நல்லா இருந்த தொட்டிய நான்தான் கெடுத்தேன்."

மருத்துவர் கையுறையை மெதுவாகக் கழற்றினார். "நானும் ஒருதடவை பக்கத்துப் பல்லைப் பிடுங்கியிருக்கேன். வெளிய சொல்லிடாதீங்க. இப்ப என்ன செய்யணும்?"

"வடிகட்டிய மாத்தணும். விளக்கையும் தீனியையும் குறைக்கணும். அப்புறம் ஆறு வாரம் கை வைக்கவே கூடாது."

"உங்களால முடியுமா?"

"அதுதான் தெரியல," என்றார் அவர்.

ஆறு வாரமும் நீரின் நிறத்தை மனைவியே பார்த்துச் சொன்னாள். கேட்டு நம்புவது அவருக்குப் புதிய பாடம், பலமுறை தவறினார், "நல்லாப் பாத்தியா?" என்று கடிந்தார். பாசி சிறிது சிறிதாகப் பின்வாங்கியது. வெளுத்த பவளம் மட்டும் மீளவில்லை.

கடைசி வாரம் கண்ணாடியருகே குனிந்தவளிடம் கேட்டார்: "மணல் எப்படி இருக்கு?"

"ஓரத்துல உள்ளங்கை அளவுக்குப் பழுப்பு இருக்கு."

அவர் கை தானாகவே தொட்டியை நோக்கி நீண்டது. அதை இழுத்து முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டார்.

"அப்ப இன்னும் ஒரு வாரம் விடு," என்றார்.