கீழ்மூலையில் ஒரு நீலக்கோடு

என் மனைவி மாதேஸ்வரிக்கு எதையும் திருப்பிப் பார்க்காமல் இருக்க முடியாது. பிஸ்கட் பாக்கெட்டின் பின்பக்கத்தைக்கூட விடமாட்டாள். தளிப் பக்கம் பிறந்தவள். டிப்ளமோ முடித்து ஓசூரில் ஒரு கம்பெனியில் குவாலிட்டி பார்க்கிறாள். நாள் முழுக்க டிராயிங்கோடு கிடப்பதால் உலகமே ஒரு டிராயிங் என்று அவளுக்கு நினைப்பு.

பாகலூர் பக்கம் எங்கள் மானாவாரிக் காட்டின் கீழ்மூலையில் வீடு கட்ட முடிவாகி, சுண்ணாம்புத் தூளால் கடைக்கால் கோடும் போட்டாயிற்று. ரோட்டை ஒட்டிய இடம். அங்கேதான் வீடு என்பதில் எனக்குப் பிடிவாதம். அந்த நேரம் பார்த்து, வெள்ளைக்காரன் காலத்துத் தென்பெண்ணைப் பள்ளத்தாக்கு வரைபடம் ஒன்றை எங்கிருந்தோ போனில் இறக்கிவிட்டாள். ஏரியைத் தேடினாள், குன்றைத் தேடினாள். தட்டில் சோறு காய்ந்தது.

"ஏங்க, நம்ம கீழ்மூல மேல நீலத்துல விட்டுவிட்டு ஒரு கோடு போவுது பாருங்க."

"அதுக்கு?"

"எங்க டிராயிங்குல விட்டுவிட்டுப் போட்டா உள்ள மறைஞ்சிருக்குதுன்னு அர்த்தம். மண்ணுக்கடியில தண்ணி ஓடுதுங்க."

படத்தின் அடியிலிருந்த குறிப்பைப் பெரிதாக்கிப் படித்தேன். மழைக்கு மட்டும் ஓடும் ஓடையாம். எனக்கு ஒரே குஷி.

"இது உன் கம்பெனி பார்ட் இல்ல தாயே. எனக்கு வெவரம் தெரிஞ்சு அங்க ஒரு சொட்டு ஓடல."

அவள் முகம் சுண்டிப்போனது. ஆனாலும், "அப்ப அந்த ஓட எங்க போச்சு?" என்று துளைத்துக்கொண்டே இருந்தாள். எரிச்சலாக வந்தது.

அந்த வாரமே மாரியம்மன் ஊர்வலம். ஒவ்வொரு வருடமும் அன்றைக்கு அவளுக்கு ஷிப்ட் இருக்கும். இந்த முறைதான் லீவு கிடைத்தது. ரோட்டில் வரும் பல்லக்கு எங்கள் கீழ்மூலைக்கு வந்ததும், சுமப்பவர்கள் அதைத் தோளுக்கு மேல் உயர்த்துவார்கள். பின்னால் வருகிறவர்கள் வேட்டியையும் சேலையையும் தூக்கிப் பிடிப்பார்கள். நாலு எட்டு போனதும் இறக்கிவிடுவார்கள். கீழே புழுதிதான். ஏன் என்று யாரும் கேட்டதில்லை; வழக்கம்.

மாதேஸ்வரி ஓரமாக நின்றுவிட்டாள். போனையும் சனத்தையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ஏங்க, எல்லாரும் ஓடையத் தாண்டறாங்க!"

"சும்மா இரு, சாமி போவுது."

"நீங்க மட்டும் எதுக்கு வேட்டியத் தூக்கினு நிக்கிறீங்க?"

குனிந்து பார்த்தேன். வேட்டி முழங்காலுக்கு மேலே இருந்தது. காலடியில், ரோட்டோரம் நான் போட்ட சுண்ணாம்புக் கோடு.

மறுநாள் சுண்ணாம்பு மூட்டையை மேட்டுப்பக்கம் நானே சுமந்தேன்.