நாற்பது அடி வளர்ந்த மலை

பூனாகலைப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் அழகர்தான் கொழுந்துக் கம்பிக்காரர். மலை உச்சியில் கொழுந்துச் சாக்கைத் தராசில் நிறுத்து, கம்பியில் மாட்டிவிடுவார். அது விர்ரென்று கீழே ஃபெக்டரிக்குப் போய்த் தடுப்புப் பலகையில் மோதி நிற்கும். பதினெட்டு வருடமாக இதே வேலை. அவர் கையால் ஒரு சாக்குக்கூடச் சேதமானதில்லை. மீசைக்கு அடுத்தபடியாக மனுஷன் இதைத்தான் பெருமையாகச் சொல்லிக்கொள்வார்.

அறுபத்தெட்டாம் வருட மழையில் அந்தப் பலகை படாரென்று பிளந்தது. நல்லவேளை, ஆளுக்கு அடியில்லை. ஆனால் பழி மலையேறி வந்து அழகர் தலையில் உட்கார்ந்தது. வேலை போனால் குடியிருக்கும் லயத்துக் காம்பராவும் போகும். கொழுந்து பறிக்கும் மனைவி நல்லம்மாவுக்கு அன்றைக்குச் சோறு இறங்கவில்லை.

விசாரணைக்குத் தோட்டத்து உதவி மேனேஜர் சின்னத்தொரை புதுப் பென்சிலோடு உட்கார்ந்தார். படித்த பிள்ளை.

"சாக்கு நாப்பத்தெட்டு ராத்தல்னு புத்தகத்துல இருக்கு. மலை முன்னூறு அடி. பெருக்கினா மோதுற பலம் பதினாலாயிரத்து நானூறு அடி-ராத்தல். பலகை பதினையாயிரம் தாங்கும். நீ கூடப் பாரம் ஏத்தாம அது எப்பிடி ஒடையும்?"

ஏட்டுச் சுரைக்காய் கறிக்குத்தான் உதவாது. ஆளைக் கவிழ்க்க நன்றாகவே உதவும். அழகருக்குப் பெருக்கல் தெரியாது. தராசு தெரியும்.

"தொரைகளே, தராசுல அம்பத்திநாலு இருந்துச்சுங்க. ஈரத்துக்கும் சாக்குக்கும்னு கணக்கப்பிள்ளை ஆறு ராத்தல் கழிச்சுத்தானே எழுதுவாரு? புத்தகத்துல கழிச்சது கம்பிக்கு எப்பிடிங்க தெரியும்?"

கணக்கப்பிள்ளை இராமையா இருமினார். சின்னத்தொரை மறுபடி பெருக்கினார். பதினாறாயிரத்து இருநூறு. பலகை உடைந்தது நியாயம்தான். ஐயோ, அதுதானே வினை! அதை எழுதி வைத்தால், சாக்குக்கு ஆறு ராத்தலாக இத்தனை வருடம் வெட்டியதற்கெல்லாம் கொழுந்து பறித்த பெண்களுக்குச் சம்பளம் கொடுக்க வேண்டிவரும்.

சின்னத்தொரை எழுந்துபோய், மேனேஜர் பெரியதொரையைப் பார்த்துவிட்டு வந்தார். தீர்ப்பு வந்தது. அழகர்மேல் குற்றமில்லை. சாக்கு நாற்பத்தெட்டு ராத்தலேதான். முன்பு மலையைத்தான் யாரோ தப்பாக அளந்துவிட்டார்கள். அதன் உயரம் முன்னூற்று நாற்பது அடி. பலகை உடையும் கணக்கு வந்துவிட்டது.

அழகர் கும்பிட்டுவிட்டு வந்தார். வேலை தப்பிய சந்தோஷம் ஒரு பக்கம், வயிற்றெரிச்சல் ஒரு பக்கம். விஷயத்தைக் கேட்டு நல்லம்மா சிரித்துவிட்டாள்.

"அப்ப நாளையிலருந்து நாங்க நாப்பது அடி கூட ஏறணுமாக்கும். அதுக்கு ஏதாச்சும் சம்பளம் போட்டுக் குடுப்பாங்களா?"

மறுநாள் காலை அழகர் நல்லம்மாவின் சாக்கையே முதலில் தராசில் தொங்கவிட்டார். ஐம்பத்து மூன்று. இராமையா எட்டிப் பார்த்தார். நாற்பத்தேழு என்று எழுதினார்.